முதுகுப் பக்கத்து ஜிப்

நீங்க வந்து உக்காந்து பத்து நிமிஷம் ஆச்சு சார். இன்னும் ஒரு வார்த்தை கேக்கலை. அதுக்கே உங்களுக்கு ஒரு கும்பிடு. காலைலேர்ந்து இந்தப் பக்கம் போனவன் வந்தவன் எல்லாம் "என்ன சார், ராக்கெட் எப்பக் கிளம்புது?"ன்னு கேட்டுட்டுப் போறான். ஒருத்தர் நாயைக் கூட்டிட்டு வந்தார். அந்த நாய் என்னைச் சுத்தி ஒரு ரவுண்டு வந்து மோந்து பாத்துட்டுத்தான் போச்சு.

கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி உக்காருங்க. படகு நிழல் ரெண்டு பேருக்குப் போதும். நானே நகர்ந்து இடம் விட்டிருப்பேன். ஆனா இதைப் போட்டுட்டு உக்காந்தா எழுந்திருக்க முடியலை, எழுந்தா உக்கார முடியலை.

அதோ மஞ்சள் டீ-ஷர்ட், உங்க பொண்ணா? அலை மேல நல்லா நிக்கறாளே. அவளுக்கும் அந்தப் பக்கம், ஊதா கலர் முழுக்கை, பெரிய பலகை, தெரியுதா? அதுதான் என் வீட்டுக்காரி. சுகந்தி. இப்ப விழுந்தா பாருங்க, அவதான். எழுந்துட்டா. எழுந்துருவா. காலைலேர்ந்து இருபது தடவை விழுந்தா, இருபது தடவையும் எழுந்துட்டா. வீட்டுல முட்டி வலின்னு ஸ்டூல் மேல ஏற மாட்டா.

என் பேரு புருஷோத்தமன். மடிப்பாக்கத்துல மாடுலர் கிச்சன் வேலை. வார்ட்ரோப், லாஃப்ட், பூஜை அலமாரி எல்லாம் செஞ்சு தர்றேன். இருபத்தாறு வருஷமா இதே தொழில். வேளச்சேரி பக்கம் எந்த அபார்ட்மெண்டுக்குப் போனாலும் ஒரு வீட்டுலயாவது என் கதவு இருக்கும்.

இது என்னன்னு தெரியுமா உங்களுக்கு? வெட்சூட்டாம். சட்டை, பேன்ட்டு எல்லாம் ஒண்ணா ரப்பர்ல தைச்சது. கழுத்துலேர்ந்து கணுக்கால் வரைக்கும். கடல்ல அலை மேல பலகை ஓட்டறவங்க போட்டுக்கறது. இதை நான் எனக்கு வாங்கலை. அவளுக்கு வாங்கினது. இதையும், அதோ மணல்ல கிடக்கு பாருங்க, அந்த வெள்ளைப் பலகையையும். ரெண்டையும் கார்ல போட்டுக்கிட்டு, விடியறதுக்குள்ள கிளம்பி, அவளை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன். ரெண்டு மாசம் ஆச்சு சார் அவ வீட்டை விட்டு வந்து.

சண்டையான்னு கேக்காதீங்க. சண்டையே இல்லை. சண்டைன்னா சமாதானம் பண்ணிடலாமே! இந்தக் கோவளத்துல அவ தங்கச்சி ரேவதி இருக்கா. கர்ப்பப்பை ஆபரேஷன் பண்ணிக்கிட்டா. "கூடமாட ஒத்தாசைக்கு ஒரு பத்து நாள் இருந்துட்டு வந்துடறேங்க"ன்னு சுகந்தி போனா. நானே பஸ் ஏத்தி விட்டேன். தங்கச்சி எழுந்து, நடந்து, ஸ்கூட்டி ஓட்டிட்டு வேலைக்கே போக ஆரம்பிச்சுட்டா. இவ வரலை. போன் பண்ணி "எப்ப வர்றே?"ன்னா, "பாக்கலாங்க"ங்கறா.

பாக்கலாம்! இருபத்தி மூணு வருஷத்துல அந்த வார்த்தையை அவ சொல்லி நான் கேட்டதே இல்லை. எங்க வீட்டுல அதை நான்தான் சொல்வேன்.

அதுக்கப்புறம்தான் விஷயமே தெரிஞ்சுது. என் பொண்ணு ஹாசினி பெங்களூர்ல வேலை பாக்கறா. அவ எனக்கு ஒரு போட்டோ அனுப்பறா. "அப்பா, அம்மாவைப் பாருங்க"ன்னு எழுதி, பக்கத்துல நாலு இதயம். பாத்தா, இவ கடல்ல நிக்கறா. பலகை மேல. கையை ரெண்டு பக்கமும் விரிச்சுக்கிட்டு. வாயைத் திறந்து சிரிச்சுக்கிட்டு. நாப்பத்தாறு வயசு. நான் முதல்ல வேற யாரோன்னு நினைச்சேன்.

நான் ஒண்ணும் பழைய காலத்து ஆளு இல்லை சார். ஆசைப்பட்டா கத்துக்கட்டும். ஆனா தொளதொளன்னு சுடிதார் போட்டவ, ஈரத்துல ஒட்டிக்கிட்டு இருக்கற ஒரு டீ-ஷர்ட்டு, லெக்கின்ஸு... அந்தப் போட்டோவை ஹாசினி எத்தனை பேருக்கு அனுப்பினாளோ. விடுங்க.

போன வாரம் போன்ல சுகந்தியே சொல்றா, "சொந்தமா ஒரு பலகை வாங்கலாம்னு இருக்கேங்க. ஏழுமலை மாஸ்டர் பாத்துத் தரேன்னாரு." ஏழுமலை, அதோ தண்ணில இடுப்பளவுல நின்னு கத்திக்கிட்டு இருக்காரே, அவர்தான். இந்த ஊர்க்காரர். மீன் பிடிக்கிறவர், காலை நேரத்துல சர்ஃபிங் சொல்லித் தர்றார். நல்ல மனுஷன்தான். ஆனா என் பொண்டாட்டிக்குப் பலகை வாங்கித் தர அவர் யாரு? பலகைல எனக்குத் தெரியாததா? இருபத்தாறு வருஷம் பலகைலதானே சார் சோறு தின்னேன்! "நீ ஒண்ணும் வாங்காதே, நான் பாத்துக்கறேன்"னு சொல்லிட்டேன். அவ ஏதோ சொல்ல வந்தா. எனக்கு சைட்ல ஆளுங்க காத்துக்கிட்டு இருந்தாங்க, வச்சுட்டேன்.

எனக்கு ஒரு கணக்கு இருந்தது. சாமான் எங்க இருக்கோ மனுஷங்க அங்கதான் வருவாங்க. என் தொழில்ல நான் கண்டது இது. பலகை நம்ம வீட்டுல இருந்தா அவளும் நம்ம வீட்டுல இருப்பா. மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை நானே கார்ல கூட்டிட்டு வந்து, ரெண்டு மணி நேரம் விளையாட விட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள திரும்பக் கூட்டிட்டுப் போயிடுவேன். இதை விட ஒரு புருஷன் என்ன செய்யணும்? சொல்லுங்க.

அதனால கடைக்குப் போறதுக்கு முன்னாடி முதல் வேலையா பெட்ரூம் லாஃப்டை அளந்தேன். எதை வாங்கினாலும் முதல்ல வைக்கிற இடத்தை அளக்கணும். ஆறடி ரெண்டு அங்குலம்.

கடைக்காரர் தாடி வச்ச ஆளு, பொறுமைசாலி. ஆனா கேட்ட கேள்வி எல்லாம் சுத்தி வளைச்சு. "ஓட்டப் போறவங்க வெயிட் எவ்வளவு சார்?"ன்னார். ஐம்பத்திரெண்டுன்னேன். "கரெக்டா தெரியுமா?"ன்னார். கரெக்டாத்தான் தெரியும். ஹாசினி வயித்துல இருந்தப்ப முதல் செக்கப் கார்டுல எழுதியிருந்தாங்க. நம்பர்னா எனக்கு மறக்காது. "நீச்சல் தெரியுமா?"ன்னார். தெரியாதுன்னேன். "அப்ப முதல்ல நீச்சல் கத்துக்கிட்டு..."ன்னு இழுத்தார். "பலகை மிதக்கும் இல்ல?"ன்னேன். "மிதக்கும் சார்." "அப்புறம் என்ன?"ன்னேன்.

அவர் ஒரு நீலக் கலர் பலகையைக் காட்டினார். ஒன்பதடி. மேல மெத்துனு, ஸ்பாஞ்சு மாதிரி. "புதுசா கத்துக்கறவங்களுக்கு இதுதான் சார். தலைல இடிச்சாக் கூட ரத்தக் காயம் ஆகாது. அகலமா இருக்கறதால ஆடாது, நிக்க வரும். முதல் பலகை பெருசாத்தான் இருக்கணும். நல்லாப் பழகின பிறகு சின்னதுக்கு வரலாம்"னார். நான் டேப்பை எடுத்தேன். அது எப்பவும் என் பாக்கெட்டுல இருக்கும். அந்த ஒன்பதடியை எங்க சார் வைக்கிறது? லிஃப்டுலயே நுழையாது. பால்கனில வச்சா வெயில்ல வீணாப் போகும், ஹால்ல வச்சா வர்றவங்க எல்லாம் "இது என்ன, யாருது?"ன்னு கேப்பாங்க. "ஆறடில காட்டுங்க"ன்னேன். "அது ஓட்டத் தெரிஞ்சவங்களுக்கு சார், இவங்களால நிக்கவே முடியாது"ன்னார். காட்டுங்கன்னேன். காட்டினார். வெள்ளை வெளேர்னு, கண்ணாடி மாதிரி வழவழன்னு, மூக்கு கூர்மையா. அதுதான் கிடக்குதே, பாருங்களேன். சாமான்னா அது சாமான். தெர்மாகோல் எல்லாம் ஒரு சாமானா?

ஒண்ணு மட்டும் எனக்கு அந்தக் கடைல ரொம்பப் பிடிச்சுது. பலகைக்கு ஒரு கயிறு இருக்கு, லீஷ்னு. ஒரு முனை பலகைல, இன்னொரு முனை காலுல கட்டிக்கணும். விழுந்தாலும் பலகை விட்டுட்டுப் போகாது. இதைக் கண்டுபிடிச்சவன் கண்டிப்பா கல்யாணம் ஆனவன்னு சொன்னேன். கடைக்காரர் சிரிச்சார். "இதைவிட நீளம் கம்மியா இருக்கா?"ன்னு கேட்டேன். அப்ப சிரிக்கலை.

அப்புறம்தான் இந்த ரப்பர் சட்டை. "நம்ம கடலுக்கு இது வேண்டாம் சார். இது குளிர் கடலுக்கு. நம்ம தண்ணி வெந்நீர் மாதிரி. ஒரு முழுக்கை டீ-ஷர்ட்டு போதும்"னார். "சொறி மீன் பட்டு உடம்பு அரிச்சா?"ன்னேன். "மார்கழில குளிராதா?"ன்னேன். அவரும் எவ்வளவு நேரம்தான் பேசுவார்? "லேடீஸ் சைஸ் தனியா இருக்கு, உடம்போட ஒட்டி இருக்கணும்"னார். ஒட்டறதே பிரச்சினைன்னுதானே நான் இதை வாங்கறேன்! அவளும் நானும் ஒரே உயரம், அஞ்சடி நாலு. என் மேல வச்சுப் பாத்து, ஆம்பளை சைஸுலயே ஒண்ணு எடுத்துக்கிட்டேன். லூசா இருந்தா நல்லதுதானே.

இருங்க சார், கொஞ்சம் எழுந்து நின்னுக்கறேன். கையைக் குடுங்க. ஆங்... அப்பாடா. எனக்குச் சுகர் இருக்கு. மணிக்கு ஒரு தடவை ஒண்ணுக்குப் போகணும். இப்ப ஒன்றரை மணி நேரம் ஆச்சு. தாடிக்காரர் வேற, "குளிர் கடல்ல ஓட்டறவங்க எல்லாம் உள்ளயே போயிடுவாங்க சார், சூடா இருக்கும்"னு சொல்லித் தொலைச்சார். அதுலேர்ந்து அதே நெனப்பா இருக்கு. நான் ஒரு கௌரவமான ஆளு சார். நாலு அபார்ட்மெண்டுல அசோசியேஷன் செக்ரட்டரி எனக்கு வணக்கம் சொல்வாங்க.

எங்க விட்டேன்? ஆங், வீட்டுக்குக் கொண்டு வந்தேன். பலகைக்குச் சந்தனம், குங்குமம் வச்சேன். கார் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வச்சேன். இந்த ரப்பர் சட்டையை எடுத்து ஹேங்கர்ல மாட்டிப் பாத்தேன். ஜிப் முதுகுப் பக்கம் இருக்கு. அந்த ஜிப்புலேர்ந்து ஒரு நாடா, கறுப்பா, கழுத்துலேர்ந்து இடுப்பு வரைக்கும் தொங்குது. வால் மாதிரி. தைச்சு முடிச்சுட்டு வெட்டாம விட்ட மிச்சம்னு நினைச்சேன். என் தொழில்ல ஃபினிஷிங்தான் சார் முக்கியம். ஒரு அலமாரில ஒரு பிசிறு தெரிஞ்சாலும் எனக்குச் சோறு இறங்காது. கத்திரிக்கோலை எடுத்து ஜிப்பை ஒட்டிச் சுத்தமா வெட்டி, முனையை நெருப்புக் குச்சில லேசாக் காட்டி வழவழன்னு பண்ணிட்டேன். வெட்டின நாடாவையும் தூக்கிப் போடலை. நான் எதையும் தூக்கிப் போட மாட்டேன். ஒரு கவர்ல போட்டு, மேல "வெட்சூட் நாடா"ன்னு எழுதி, இது வந்த பையிலயே வச்சேன்.

அன்னைக்கு ராத்திரி ரசம் வைக்கலாம்னு அடுப்படிக்குப் போனேன். அந்தக் கிச்சனை அவளுக்காக நான் இழைச்சு இழைச்சுச் செஞ்சேன் சார். ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு குழி. ஒவ்வொண்ணுலயும் என் கையால லேபிள். சீரகம்னு எழுதின டப்பாவைத் திறக்கறேன், உள்ள வெந்தயம். மிளகுன்னு எழுதினதுல ஓமம். கடுகுன்னு எழுதினதுல அவளோட சேஃப்டி பின்னு. பன்னெண்டு வருஷமா அந்த டப்பாவை எல்லாம் நான் திறந்ததே இல்லை. அவ பாட்டுக்கு அவ இஷ்டத்துக்கு வச்சுக்கிட்டு இருந்திருக்கா. நான் செஞ்ச அலமாரி முன்னால நின்னுக்கிட்டு, சீரகம் எங்க இருக்குன்னு தெரியாம, அழுதேன்னே வச்சுக்கங்க. போன் போட்டேன். "சீரகம் எங்க?"ன்னேன். "பெருங்காயம்னு எழுதியிருக்குல்ல, அதுல"ன்னா. "ஏன் இப்படி?"ன்னேன். "கை எட்டற எடத்துல வச்சேங்க"ன்னா.

அவ்வளவுதான். அவ இல்லாம எனக்கு முடியலை சார். அதை அவகிட்ட இப்படிச் சொல்லத் தெரியலை. உங்ககிட்ட சொல்றேன் பாருங்க.

காலைல ஆறு மணிக்கெல்லாம் வந்துட்டேன். அவ அப்பத்தான் ஒன்பதடிப் பலகை ஒண்ணைத் தலை மேல தூக்கிக்கிட்டு வர்றா. பழசு. பழுப்பேறிப் போய், ரெண்டு எடத்துல ஒட்டுப் போட்டது. மாஸ்டர்கிட்டேர்ந்து போன வாரமே வாங்கிட்டாளாம். அதைச் சொல்லத்தான் அன்னைக்குப் போன்ல வாயெடுத்தாளாம். கறுத்துட்டா சார், நல்லாக் கறுத்துட்டா. என்னைப் பாத்ததும் சிரிச்சா. அந்தச் சிரிப்பைப் பாத்ததும் பாதி வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சேன்.

பலகையைக் காட்டினேன். தொட்டுப் பாத்தா. குங்குமத்தைப் பாத்தா. "அழகா இருக்குங்க"ன்னா. அப்புறம், "ஏன் ஆறடி?"ன்னா.

"நம்ம லாஃப்டு ஆறடி ரெண்டு அங்குலம்"னேன்.

ஏழுமலைதான் குறுக்க வந்தார். "சார், இது கைதேர்ந்த ஆளுங்க ஓட்டற பலகை. அக்கா இதுல நின்னா அப்பிடியே முழுகிப்புடும். இவங்க வெயிட்டுக்கு இது தாங்காது"ன்னார். "ஐம்பத்திரெண்டு கிலோவுக்குத் தாங்காதா?"ன்னேன். சுகந்தி என்னையே பாத்தா. "எழுபதுங்க நான்"னா. சரி, அது போகட்டும். "நீச்சல் தெரியாதவளை நம்பி நடுக்கடலுக்கு அனுப்பறீங்களே"ன்னு மாஸ்டரைத்தான் கொஞ்சம் சத்தமாக் கேட்டேன். அந்த ஆளு என்ன சொல்றார் தெரியுமா? "அக்காவுக்கா தெரியாது? சின்ன வயசுல காவேரில அக்கரைக்குப் போயி அக்கரைலேர்ந்து வந்தவங்களாச்சே சார்!" எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. "ஏன் என்கிட்ட சொல்லலை?"ன்னு அவகிட்ட கேட்டேன். "நீங்க கேக்கலையே"ன்னா.

அதுக்காக ஒருத்தன் தினம் எழுந்து "உனக்கு நீச்சல் தெரியுமா?"ன்னா கேட்டுக்கிட்டு இருப்பான்?

அப்புறம் இந்த ரப்பர் சட்டையைக் குடுத்தேன். விரிச்சுப் பாத்தா. திருப்பிப் பாத்தா. முதுகுப் பக்கம் கழுத்துல கையை விட்டுத் தேடினா. "இதுல ஒரு நாடா தொங்குமே?"ன்னா. இவளுக்கு எப்படித் தெரியும்? வர்ற வெள்ளைக்காரங்களைப் பாத்திருக்கா போல. "பிசிறா இருந்துச்சு, வெட்டிட்டேன்"னேன்.

"அதைப் பிடிச்சுத்தாங்க நம்மளே ஜிப்பை மேல இழுக்கறது, கீழ இழுக்கறது. அது இல்லைன்னா நான் எப்படி இதைக் கழட்டறது?"

"நான் இருக்கேன்ல"ன்னேன்.

மனசாரச் சொன்னேன் சார். இருபத்தி மூணு வருஷமா நான் இல்லையா? கரன்ட் பில்லு, கேஸு, ஏடிஎம்மு, எதுக்காவது அவளை நான் வெளியில அனுப்பியிருக்கேனா? அவ இதை மடிச்சுத் தோள்ல போட்டுக்கிட்டா. "அந்த நாடா எங்க?"ன்னா. கவரை எடுத்துக் குடுத்தேன். லேபிளைப் படிச்சா. நாடாவை எடுத்துத் தலைமுடியைச் சேத்துக் கட்டிக்கிட்டா. கவரை மடிச்சு என்கிட்டயே திருப்பிக் குடுத்தா. "நீங்க ஒரு தடவை போட்டுக் காட்டுங்களேன்"னா.

பாருங்க, எவ்வளவு ஆசையாக் கேட்டா! கல்யாணம் ஆன புதுசுல கூட அப்படி ஒண்ணு கேட்டதில்லை. அந்தக் கீத்துக் கொட்டாய் தெரியுதா, அதுக்குள்ள போய்ப் போட்டேன். இருபது நிமிஷம் ஆச்சு. காலே நுழையலை. ஏழுமலை வந்து, "பாதத்துல பிளாஸ்டிக் கவரை மாட்டிக்குங்க சார், வழுக்கிக்கிட்டுப் போகும்"னார். அப்படித்தான் போச்சு. வயித்துகிட்ட வந்ததும் ரெண்டு பேரும் மூச்சை அடக்கிக்கிட்டோம். முதுகு ஜிப்பை சுகந்திதான் போட்டா. வெளில வந்து அவகிட்ட முதுகைக் காட்டி நின்னேன். ரெண்டு மாசத்துக்கு அப்புறம் அவ கை என் முதுகுல படுது. இடுப்புலேர்ந்து மெதுவா, மெதுவா மேல ஏத்தினா. கழுத்துகிட்ட ஒரு பட்டை இருக்கு, அதை அழுத்தி ஒட்டினா. ரெண்டு தடவை தட்டிக் குடுத்தா. எனக்குக் கண்ணே கலங்கிப் போச்சு.

"எப்படிங்க இருக்கு?"ன்னா.

"ஜம்முனு இருக்கு"ன்னேன்.

"அப்படியே இருங்க, வந்துடறேன்"னா. பலகையைத் தூக்கிக்கிட்டுக் கடலுக்குள்ள போயிட்டா.

அப்பலேர்ந்து இப்படியே இருக்கேன். மூச்சு மேல் மூச்சாத்தான் வருது. வேர்வை முழங்கால்கிட்ட தேங்கி நிக்குது, நடந்தா சத்தம் கேக்குது. கையைத் தூக்கினா கழுத்து இறுக்குது, கழுத்தைத் திருப்பினா தோள் இறுக்குது. நானும் பின்னாடி கையை விட்டுப் பாத்தேன். விரல் ஜிப்பு வரைக்கும் போகுது, பிடிக்க ஒண்ணும் இல்லை. வழவழன்னு இருக்கு. ஃபினிஷிங் அப்படி.

அய்யோ, வேண்டாம் சார்! வேண்டாம், தொடாதீங்க. உங்க நல்ல மனசு. ஏழுமலைகூட ரெண்டு தடவை வந்து கேட்டுட்டார், "தொறந்து வுடவா சார்?"ன்னு. நான்தான் வேண்டாம்னுட்டேன். மனசுக்குள்ள ஒண்ணு முடிஞ்சு வச்சிருக்கேன். சிரிக்காதீங்க. அவ வந்து, அவ கையால இந்த ஜிப்பை இறக்கி விட்டான்னா, என்னோட வீட்டுக்கு வந்துடுவா. வேற யாராவது இறக்கினா வர மாட்டா. எனக்கு ஜோசியம் எல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனா அப்படித் தோணிப் போச்சு. அதனால எவ்வளவு நேரம் ஆனாலும் இருப்பேன். அவளுக்குத் தெரியும் நான் இருக்கேன்னு. என்னை இப்படியே விட்டுட்டு எங்க போயிடுவா?

பாருங்க, திரும்பிட்டா. கரைக்குத்தான் வர்றா. பலகையைத் தூக்கிட்டா. சார், நான் சொன்னேன் இல்ல? சொன்னேன் இல்ல? என் தலைமுடி கலைஞ்சிருக்கா? நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருங்க. காது கேட்டாப் பரவாயில்லை.

பாத்தீங்க இல்ல சார்? எல்லாத்தையும் பாத்தீங்க. நீங்கதான் சாட்சி.

நான் ஏதாவது தப்பாப் பேசினேனா? "வேர்க்குது சுகந்தி, கழட்டி விடு, வீட்டுக்குப் போலாம்"னேன். அவ்வளவுதானே சொன்னேன்? சொல்லிட்டு, கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்னேன். அவ பலகையை மணல்ல வச்சா. பின்னாடி வந்தா. நான் கண்ணை மூடிக்கிட்டேன். ஜிப் இறங்கற சத்தம் இப்பக் கேக்கும், இப்பக் கேக்கும்னு நின்னேன். கேக்கலை. கழுத்துல அவ விரல் படுது, ஈரமா, ஜில்லுனு. என்னமோ பண்றா. முடிச்சுப் போடறா சார். தலைலேர்ந்து நாடாவை அவிழ்த்து, அந்த ஜிப்புல கோத்து, ஒரு முடிச்சு. அதுக்கு மேல இன்னொரு முடிச்சு. கெட்டியா இருக்கான்னு ஒரு இழு இழுத்துப் பாத்தா. அப்புறம் நாடாவை என் தோள் மேலால முன்னாடி போட்டு, என் கையைப் பிடிச்சு, உள்ளங்கைல வச்சு, விரலை மூடி விட்டா.

"இனிமே நீங்களே கழட்டிக்கலாங்க"ன்னா.

கோவமாச் சொன்னாளா? நீங்க கேட்டீங்களே, கோவம் இருந்துச்சா? இல்லை இல்ல? கைக் குழந்தைகிட்ட பேசற மாதிரிப் பேசினா. "அப்ப வீடு?"ன்னேன். அதுக்கு என்ன சொன்னா, கேட்டுச்சா உங்களுக்கு? "எந்த டப்பால எது இருக்குன்னு எழுதி வாட்ஸ்அப்ல அனுப்பறேங்க"ன்னா. பலகையைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா.

எழுதி அனுப்பறாளாம். அலமாரியைச் செஞ்சவனுக்கு.

உங்க பொண்ணு கையை ஆட்டறா சார், கிளம்புங்க. அந்த வெள்ளைப் பலகை வேணும்னா எடுத்துட்டுப் போங்க. சும்மாத்தான் சொல்றேன், எடுத்துக்குங்க. உங்க வீட்டு லாஃப்டு எத்தனை அடி? இல்லை, நான் இப்ப உக்காரலை. ஒண்ணுக்குக்கூட வரலை. இப்படியே ரோட்டைப் பாத்துக்கிட்டே நிக்கறேன். கழுத்து திரும்ப மாட்டேங்குது. போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு மட்டும் பாத்துச் சொல்லுங்க. அவ தண்ணிக்குள்ள இறங்கிட்டாளா? இறங்கறதுக்கு முன்னாடி இந்தப் பக்கம் திரும்பிப் பாத்தாளா?

சரி. பரவாயில்லை சார், விடுங்க.

நாடா கைலதான் இருக்கு. இழுத்தா திறந்துக்கும். கொஞ்ச நேரம் கழிச்சு இழுத்துக்கறேன்.